இருட்டில் ஐந்து சுருள்கள்

மொட்டைமாடியில் காமிராவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். அந்தப் பக்கம், கைப்பிடிச் சுவரை ஒட்டி, தரையில் சாக்பீஸால் வரைந்திருந்த இரண்டு பாதங்களின் மேல் என் மனைவி பிலோமினா நின்றாள். மணி ஏழே கால். தெரு முழுக்க பவர் கட்.

அவள் எனக்குத் தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் சாமுண்டி மலைக்கு, எங்கள் பேச்சில் பெட்டத்துக்கு, ஏறும் பாதையின் விளக்குகள் மட்டும் தெரிந்தன. எங்கள் தெரு அணைந்தாலும் பெட்டம் அணையாது. நான் நிற்கும் இடத்திலிருந்து எண்ணினால் நாற்பத்து மூன்று விளக்கு. நடுவில் ஐந்து காணவில்லை என்றால் அங்கே பிலோமினா நிற்கிறாள் என்று அர்த்தம்.

கேபிள் பொத்தானை அழுத்தினேன். ஷட்டர் திறந்துகொண்டது. "ஒண்ணு" என்றேன்.

இருட்டின் நடுவில் ஒரு புள்ளி வெளிச்சம் பிறந்தது. அது தன்னைத் தானே சுற்றிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. கண்ணுக்குத் தெரிவது அந்தப் புள்ளி மட்டும்தான். அது வந்த வழியைக் கண் உடனே மறந்துவிடும். காமிரா மறக்காது.

கீழே யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். செயின் சத்தம் பதினோராம் விநாடியில் ஆரம்பித்துப் பதினான்கில் முடிந்தது. பக்கத்து வீட்டு மண்ணெண்ணெய் விளக்கின் வாசனை. அதற்கு மேல், எங்கள் பின்பக்கத்து மரமல்லியின் வாசனை. நான் இருபது என்று சொன்னபோது நான்காவது சுற்று முடிந்து வெளிச்சம் அணைந்தது.

"சாக்கு" என்றாள்.

மைசூர்த் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கன்னடத்தில் அதற்குப் போதும் என்று பொருள். காபி ஊற்றும்போதும் சோறு போடும்போதும் எங்கள் வீடுகளில் போதும் என்ற சொல்லே வராது, சாக்குதான். தமிழில் அதே சொல்லுக்கு வேறு பொருள் உண்டு என்பது அன்று என் நினைவுக்கு வரவில்லை.

மறுபடியும் கொசுவர்த்திச் சுருள்தானா, ஒரு பூ, ஒரு நட்சத்திரம் வரையக் கூடாதா என்று அலுத்துக்கொண்டேன். பிலிம் முப்பத்தாறுதான் என்பதையும் சொன்னேன்.

"இதேதானுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமையும் இதேதான்" என்றாள் இருட்டிலிருந்து. "அந்தச் சாக்பீஸ் குறியை அழிச்சுப் போடாதீங்க."

எண்ணும் வியாதி

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் எண்ணும் வியாதி பழகியிருக்கும். போன வாரம் எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் மாடிப்படி இருபத்தாறு என்று எழுதினேன். பழைய சகா ஒருவர் இருபத்தேழு என்று கார்டு போட்டிருக்கிறார். கீழே கிடந்த கருங்கல்லை அவர் படியாக எடுத்துக்கொள்கிறார். அது மழைத் தண்ணீருக்காகப் போட்ட கல். நான் அதைச் சேர்ப்பதில்லை, சேர்க்கவும் மாட்டேன்.

ஆனால் இவ்வளவு எண்ணுகிறவனுக்கு வருஷம் மட்டும் நிற்காது. தொண்ணூறுகளில் நடந்தது. நான் ரிட்டயர் ஆகியிருந்தேன். தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது. தினமும் ஏழிலிருந்து எட்டு வரை மின்சாரம் போகும். இவற்றை வைத்து நீங்களே ஒரு வருஷத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

காமிரா எங்கள் மகனுடையது. மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகும்போது, கனமாக இருக்கிறதென்று வீட்டிலேயே விட்டுப்போன பழைய ரஷ்யக் காமிரா. அதன் தலையில் ஒரு சக்கரம், சக்கரத்தில் எண்கள். எண்களுக்குப் பிறகு தனியாக 'பி' என்று ஓர் எழுத்து. எண்களின் வரிசையில் எழுத்துக்கு என்ன வேலை என்று இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் சித்தராஜுவிடம் போனேன். எங்கள் பக்கத்தில் சின்ன ஸ்டுடியோ வைத்திருந்தார். சாம்ராஜநகர்ப் பக்கத்துக்காரர். தமிழைக் கன்னடத்தில் தோய்த்துப் பேசுவார். 'பி'யில் வைத்தால் நாம் விடும்வரை காமிரா கண்ணை மூடாது என்று சொன்னார். இருட்டில் அதைத் திறந்துவைத்து, டார்ச்சால் எதை வேண்டுமானாலும் வரையலாம், எழுதலாம். வரைகிற ஆள் படத்தில் விழமாட்டார். வெளிச்சம் மட்டும் விழும். எவ்வளவு நேரம் என்பதைத்தான் சரியாக எண்ண வேண்டும் என்றார்.

எண்ண வேண்டும் என்று ஒருவர் என்னிடம் சொன்னால் நான் என்ன செய்வேன்? அவரிடமே செகண்ட் ஹாண்ட் ஸ்டாண்ட் ஒன்றையும் கேபிள் ஒன்றையும் வாங்கிக்கொண்டு வீடு வந்தேன்.

உருதுவா சார்?

முதல் ரோலில் நான் என் பெயரை எழுதினேன். ஐந்து எழுத்து, ஐந்து படம். லேப்காரர் பிரிண்டுகளைக் கொடுக்கும்போது, "இதென்ன சார், உருதுவா?" என்று கேட்டார். அத்தனையும் இடம் வலம் மாறியிருந்தன. காமிராவைப் பார்த்து நின்று எழுதினால் அப்படித்தான் வருமாம். 'ப' எழுதியிருந்தால் தப்பித்திருக்கும். அதை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் 'ப'தான். என் பெயரில் 'ப' இல்லை.

பிறகு பின்பக்கத்து மரமல்லியைப் பிடித்தேன். மைசூரில் அதை ஆகாச மல்லிகை என்பார்கள். பெயருக்கேற்ற உயரம். மழைக்காலம் முடியும்போது வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். பொழுது சாய்ந்ததும் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பிக்கும். ஒவ்வொரு பூவுக்கும் விரல் நீளக் காம்பு. காற்றில்லாத நாளிலும் சுற்றிக்கொண்டேதான் இறங்கும். இருட்டில் மரம் தெரியாது, பூ தரையில் விழும் மெத்தென்ற சத்தம் மட்டும் கேட்கும். ஒரு ஞாயிறு அரை மணி நேரத்தில் நூற்றுப் பதினேழு.

அந்த மரத்துக்கு டார்ச்சால் வெளிச்சம் பூசி ஒரு படம் எடுக்க ஆசைப்பட்டேன். நான்கு முறை முயன்றேன். நான்கிலும் மரம் தேமல் பிடித்த ஆள் மாதிரி வந்தது. இங்கே ஒரு வெள்ளைத் திட்டு, அங்கே ஒரு கறுப்புத் திட்டு.

சித்தராஜு பார்த்துவிட்டுச் சிரித்தார். "டார்ச் ஒரு இடத்துல நில்லபாரது, நிக்கக் கூடாது சார். கை ஸ்வல்ப நடுங்கிட்டே இருக்கணும். சளில நடுங்குற மாதிரி."

எனக்கு நெஞ்சில் சளி இல்லையே என்றேன். அவர் சொன்னது குளிரை. கன்னடத்தில் சளி என்றால் குளிர். ஆனால் குளிரிலும் என் கை நடுங்காது. முப்பத்தொரு வருஷம் ஸ்விட்ச்போர்டில் விரல் தடிமன் ஓட்டைகளில் பிளக் செருகிய கை. வைத்த இடத்தில் நிற்கும். நின்ற இடத்தில் திட்டு விழும்.

பதினோரு வீடுகள்

இனி பிலோமினாவைப் பற்றி. அவள் நர்ஸ். முப்பத்து நான்கு வருஷ சர்வீஸ். ரிட்டயர் ஆன பிறகும் காலை ஆறரைக்கு ஒரு சின்னத் துணிப்பையோடு கிளம்பி, எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமாகப் பதினோரு வீடுகளுக்கு ஊசி போடப் போவாள். முக்கால்வாசி சர்க்கரைக்காரர்கள். வேறு யாராவது போட்டால் ஐயோ என்பவர்கள் இவளிடம் கையை நீட்டிக்கொண்டு காபியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

கடைசி வீடு ராமண்ணா மேஷ்ட்ருவுடையது. ரிட்டயர் ஆன கன்னட வாத்தியார். பார்வை பாதி போய்விட்டது. ஊசி போட்டு முடித்துப் பஞ்சு வைத்த பிறகு அவர் தினமும், "போட்டாச்சா சிஸ்டர்?" என்று கேட்பார். அவருக்குத் தெரியாமல் இல்லை. அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. இவளும் ஒவ்வொரு நாளும், "எப்பவோ போட்டாச்சு மேஷ்ட்ரே" என்பாள்.

ஒரு நாள் அவர் அதைக் கேட்கவில்லை. "சிஸ்டர், இவத்து ஸ்வல்ப நோவாய்த்து" என்றார். இன்று கொஞ்சம் வலித்தது. குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகத்தான் சொன்னார்.

அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. பிறகுதான் தெரிந்தது. தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் தெரியாமல் நின்ற இடத்தில் நீங்களும் நிற்க வேண்டாம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் தன் வலது கையை நீட்டிப் பார்த்திருக்கிறாள். எதுவும் சரியாகத் தெரியவில்லை. நடுக்கம் இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. இந்தக் கை இனி ஊசியோடு பதினோரு வீடுகளுக்குள் போகலாமா, கூடாதா? அதுதான் அவள் கேள்வி. கண்ணுக்குப் பிடிபடாததை வரைந்துவைக்கும் பெட்டி ஒன்று மொட்டைமாடியில் இருந்தது. அதற்குப் பக்கத்தில், கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணும் ஆள் ஒருவன் இருந்தான். அவள் இரண்டையும் சேர்த்து ஒரு திட்டம் போட்டுவிட்டாள்.

நான் கண்டது இவ்வளவுதான். இத்தனை நாள் மாடிக்கே வராதவள் ஒரு ஞாயிறு வந்து, எனக்கும் டார்ச்சைக் கொடுங்கள் என்றாள். டார்ச்சின் முகத்தில் ஓட்டை போட்ட கறுப்புக் காகிதத்தை மாட்டிக் கொடுத்தேன். சுருள் போட்டாள். அடுத்த ஞாயிறும் அதே சுருள். அந்த வாரம் காலைக் காபியில் டம்ளர் அடி மறைவதற்குள், "சாக்கு, சாக்கு" என்றாள். டிக்காஷன் மிச்சமாகிறது என்று நான் குறித்துக்கொண்டேன். ஏன் என்று கேட்கவில்லை.

மூன்று நிமிடம்

ஒரு பழைய விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். டிரங்க் கால், அதாவது ஆபரேட்டர் இணைத்துக் கொடுக்கும் வெளியூர்க் கால், என்பது மூன்று நிமிடம். மூன்று முடிந்ததும் ஆபரேட்டர் குறுக்கே வந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கணுமா?" என்று கேட்க வேண்டும். கடிகாரம் பார்க்காமலே எனக்கு அந்த மூன்று நிமிடம் தெரியும். இன்றைக்கும் பால் பொங்குவதற்கு முன்னால் அடுப்படிக்குப் போய் நிற்கிறேன்.

பிலோமினா அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். கௌதள்ளிப் பெண். அவளுடைய அப்பா மாதம் ஒரு முறை சந்தைக்குக் கொள்ளேகால் வருவார். வரும் நாளில் அங்கே தபால் ஆபீசில் காத்திருப்பார். இவள் மைசூரிலிருந்து கால் போடுவாள். ஆபரேட்டர் காதில் எல்லாம் விழும், விழக் கூடாது என்பது விதி. அப்பா மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் சொல்வார். இவள் உம் கொட்டுவாள். நான் குறுக்கே போய் நீட்டிக்கணுமா என்றால், "வேண்டாமுங்க, சாக்கு" என்பாள். எனக்குத் தெரிந்து நான்கு மாதம் அப்படி.

ஐந்தாம் மாதம் லைன் கிடைத்தபோது அப்பா தபால் ஆபீசில் இல்லை. வெளியே போய்க் கூட்டிவந்தார்கள். அவர் மூச்சிரைக்க "பிலோமி" என்று சொன்னபோது இரண்டு நிமிடம் நாற்பது விநாடி போய்விட்டது. மூன்று ஆயிற்று. நான் குறுக்கே போகவில்லை. நான்கரையில் அவர்களே முடித்தார்கள். கட்டணம் போடும் டிக்கெட்டில் மூன்று என்று எழுதினேன். சூப்பர்வைசர் கண்டுபிடித்து மெமோ கொடுத்தார். என் சர்வீசில் ஒரே மெமோ.

அந்த ஆபரேட்டர் யார் என்று அவள் எப்படிக் கண்டுபிடித்தாள், பிறகு என்ன ஆயிற்று என்பதெல்லாம் முன்னமே ஓர் அத்தியாயத்தில் வந்துவிட்டது. இங்கே எனக்கு வேண்டியது அந்த டிக்கெட் மட்டும்தான்.

ஸ்டாண்டின் மேல் பழி

ஐந்து ஞாயிறு, ஐந்து சுருள். ரோல் முடிந்து பிரிண்ட் வந்தது. சுருள்களைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. கோடு கோடாக இல்லை. ரம்பத்தின் பல் போல விளிம்பெல்லாம் நெளிந்திருந்தது, ஐந்திலும். சித்தராஜு என் தலையில் கட்டிய ஸ்டாண்ட் ஆடுகிறது என்று முடிவு செய்தேன்.

ஸ்டாண்டைக் கூடத்தில் நிறுத்தி ஆராய்ந்தேன். ஒன்பது திருகு. ஒன்பதையும் முறுக்கினேன். ஒரு காலுக்குக் கீழே சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினேன். மாடித் தரை சரிவா என்று குண்டு உருட்டிப் பார்த்தேன். பிறகு ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பிரிண்டுகளையும் எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். ஒரு வாரமாக மனதில் தயார் செய்திருந்த ஏழு குற்றச்சாட்டுகளையும் வரிசையாகச் சொன்னேன்.

சித்தராஜு குறுக்கே பேசவில்லை. ஒரு பிரிண்டை எடுத்து டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தார்.

"சார், பெட்டத்து லைட் நோடி" என்றார்.

பார்த்தேன். சுருளுக்குப் பின்னால் மலைப்பாதை விளக்குகள். ஒவ்வொன்றும் ஊசி முனை போலத் துல்லியமான புள்ளி.

"ஸ்டாண்ட் ஆடினா அதுவும் ஆடணும் அல்வா, இல்லையா?"

அவர் அதே ரோலில் நான் எழுதிப் பார்த்திருந்த 'ம' படத்தை எடுத்துச் சுருளுக்குப் பக்கத்தில் வைத்தார். இந்த முறை எப்படியோ நேராக எழுதியிருந்தேன். 'ம' வழவழவென்று இருந்தது.

"இதுல டார்ச் யார் கைல இத்து சார்?" என்று சுருளைக் காட்டிக் கேட்டார். கேட்ட பிறகு அவருக்கே ஏதோ புரிந்திருக்க வேண்டும். பிரிண்டுகளை அடுக்கி, கவரில் போட்டு, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். ஸ்டாண்டை நானே கொண்டுவந்து தருகிறேன் என்றார்.

ஸ்டுடியோவிலிருந்து எங்கள் வீடு ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு அடி நடை. அன்று பேக்கரி வரைக்கும் எண்ணினேன். அதற்கு மேல் எண் வரவில்லை. பேக்கரிக்குத் திரும்பிப் போய் மறுபடி ஆரம்பித்தேன். மறுபடியும் அதே இடத்தில் விட்டுப் போயிற்று.

நாற்பத்தொன்று

பிலோமினா கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கைகள் கீரைக்குள் இருந்தன. கீரை லேசாக அசைந்தது. கீரை ஆய்ந்தால் அசையத்தானே செய்யும்? எத்தனை மாதமாக இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேனோ.

"போட்டோ வந்துருச்சுங்களா?" என்றாள்.

கவரை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஐந்து சுருள்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பினாள். பின்பக்கத்தில் நான் பென்சிலால் போட்டிருந்த எண்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒழுங்கு செய்தாள். பிறகு ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்துச் சொன்னாள்.

"இது எப்பவும் போல. இது காபியைக் கொறைச்ச வாரம். இது மத்தியானம் தூங்கி எந்திரிச்சு. இது முழங்கையைச் சுவத்துல ஊனிக்கிட்டு. இது நவநாள் செபம் முடிச்ச அன்னிக்கு."

ராமண்ணா மேஷ்ட்ரு சொன்னதை அப்போதுதான் என்னிடம் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவளிடம் ஒருவர் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

"பூதக்கண்ணாடியை எடுத்தாங்க" என்றாள். "வெளிச் சுத்துல எத்தனை பல்லுன்னு எண்ணோணும். எனக்குக் கண்ணு புடிக்கலைங்க. ஒண்ணுலயாவது பாதியாக் கொறைஞ்சிருந்தா, அதுக்குத் தக்க இருந்துக்கிட்டு ஊசி போடலாம். கொறையலைன்னா விட்டுரோணும்."

ஏன் முன்னாடியே என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா எனக்காகக் கொறைச்சுல்ல எண்ணுவீங்க. நாலரை நிமிசத்தை மூணுன்னு எழுதுன ஆளுதானுங்களே நீங்க."

எண்ணினேன். ஒரு குண்டூசியை எடுத்துக்கொண்டு, கண்ணாடிக்கடியில் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணினேன். முதல் சுருளில் நாற்பத்தொன்று. எப்பவும் போல. காபியைக் குறைத்த வாரம் நாற்பது. தூங்கி எழுந்த அன்று நாற்பத்திரண்டு. முழங்கை ஊன்றிய அன்றும் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றையும் சொல்லும்போது அவள் ஒரு பிரிண்டைக் கவிழ்த்து வைத்தாள்.

ஐந்தாவதற்கு வந்தேன். நவநாள் முடித்த அன்றைய சுருள். பாதி சுற்று வரும்போதே இருபதைத் தாண்டிவிட்டது. குண்டூசி அங்கேயே நின்றது. இருபது என்று சொன்னால் அவள் நம்புவாள். அவளால் எண்ண முடியாது. நாளைக் காலை ஆறரைக்குத் துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். நிமிர்ந்து பார்த்தேன். அவள் பிரிண்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிச்சத்தையும் எண்ணினேன். "நாப்பத்தொண்ணு" என்றேன்.

ஐந்தாவதையும் கவிழ்த்தாள். "சாக்குங்க" என்றாள்.

போதும் என்றுதான் சொன்னாள். ஆனால் என் காதில் அன்று அது தமிழாக விழுந்தது. காமிரா, ஞாயிற்றுக்கிழமை, கொசுவர்த்தி எல்லாமே ஒரு சாக்கு. உள்ளே அவள் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், நான் திருகுகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நரம்பு டாக்டரிடம் போனோம். வயதோடு சிலருக்கு வரும் நடுக்கம், உயிருக்கு ஒன்றும் ஆகாது, நுணுக்கமான வேலைகளை விட்டுவிடுங்கள் என்றார். அவளுக்கு முன்பே தெரிந்ததைத்தான் சொன்னார்.

மறுநாள் காலை ஆறரைக்குப் பை இல்லாமல் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். பதினோரு வீடுகளிலும் வாசலில் நின்றே சொன்னாள். அடுத்த தெருவுக்கு வரும் இன்னொரு நர்ஸின் பெயரைக் கொடுத்தாள். மேஷ்ட்ரு மட்டும் அவளை உள்ளே வந்து நிற்கச் சொன்னார். மருமகள் அளந்து ஊசி போட்டாள். பிலோமினா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பஞ்சு வைத்தானதும் மேஷ்ட்ரு, மருமகள் இருந்த பக்கம் திரும்பாமல் இவள் இருந்த பக்கம் திரும்பி, "போட்டாச்சா சிஸ்டர்?" என்று கேட்டார்.

"எப்பவோ போட்டாச்சு மேஷ்ட்ரே" என்றாள்.

நீட்டிக்கணுமா?

அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு காமிராவைத் தொடவில்லை. காலை ஆறரை மணி வீட்டில் யாருக்கும் வேண்டாத ஒரு சாமான் மாதிரி கிடந்தது. சாக்பீஸ் பாதங்களை மழை அழித்துவிட்டது.

நான்காவது ஞாயிறு மழை விட்டிருந்தது. ஞாயிறுதோறும் போடும் அலங்கார விளக்கில் அரண்மனைப் பக்கம் வானம் மஞ்சளாக இருந்தது. எங்கள் தெரு வழக்கம்போல ஏழுக்கு அணைந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து பின்பக்கத்தில் பூ விழும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்து மூன்றில் பிலோமினா வந்து நின்றாள். கையில் டார்ச். கறுப்புக் காகிதத்தைக் கழற்றியிருந்தாள்.

"காமிராவை எடுத்தாங்க. மரத்துக்கு நான் அடிக்கிறேன்."

மரம் வராது, நான்கு தடவை பார்த்தாயிற்று, திட்டுத் திட்டாக வரும் என்றேன்.

"உங்க கை ஆடாத கை. அதான் திட்டு" என்றாள். "சித்தராஜு என்ன சொன்னாரு? நடுங்கோணும்னு சொன்னாருல்ல? எனக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்லை."

சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். அவள் சிரித்தாள். பிறகு நானும்.

தோட்டத்துக் கதவோரம் ஸ்டாண்டை வைத்தேன். ஒன்பது திருகு. ஷட்டரைத் திறந்து, "ஒண்ணு" என்றேன். மரத்துக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் கிளம்பியது. அடிமரத்தை ஏறியது. ஓர் இடத்திலும் நிற்கவில்லை. இலைகள் கொஞ்சம் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு உடனே இருட்டுக்குள் போயின. பூக்கள் அந்த வெளிச்சத்துக்குள் வந்து, ஒரு கணம் வெள்ளையாகி, கீழே போய்விட்டன. அவளுடைய செருப்புச் சத்தம் ஈர இலைகளின் மேல் மெதுவாகச் சுற்றி வந்தது. அவள் எங்கே இருக்கிறாள் என்று காட்ட அங்கே பெட்டத்து விளக்குகள் இல்லை. டார்ச்தான் இருந்தது.

நூற்றெண்பது ஆயிற்று. மேல் கிளைகள் இன்னும் இருட்டில் இருந்தன. முப்பத்தொரு வருஷப் பழக்கம், வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டிக்கணுமா?"

செருப்புச் சத்தம் நின்றது. வெளிச்சம் நிற்கவில்லை.

"நீட்டுங்க" என்றாள்.

அந்தப் படத்தை இப்போது கூடத்தில் மாட்டியிருக்கிறோம். மரம் அடியிலிருந்து நுனிவரை தேன் நிறத்தில் இருக்கிறது. ஒரு திட்டு இல்லை. விழுந்துகொண்டிருந்த பூக்கள் நூல் போன்ற வெள்ளைக் கோடுகளாக, மொத்தம் இருபத்து மூன்று. மூன்று முறை மரத்தைச் சுற்றி வந்த பிலோமினா படத்தில் எங்கேயும் இல்லை.

சித்தராஜு அதைப் பார்க்க வீட்டுக்கே வந்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு எத்தனை நேரம் திறந்து வைத்தீர்கள் என்று கேட்டார். ஆறு நிமிடம் பதினொரு விநாடி என்றேன். நான் எண்ணாமல் விட்டிருப்பேன் என்று நினைத்தீர்களா?

"ஆறு பதினொண்ணு. இது என்ன கணக்கு சார்?"

"அப்பதான் அவ சாக்குன்னா" என்றேன்.